கை நேரான பிறகு வா

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்த டைரியில் அச்சாகியிருக்கும் கிழமைகளை நம்பக் கூடாது. இன்றைக்குச் செவ்வாய் என்கிறது. சிவகாசியில் என் வீட்டுக்காரர் ஓட்டும் மெஷினில் அச்சானதுதான். பிளேட் போட்டவர் கிழமையை ஒன்று தள்ளிவிட்டதில் மொத்தமும் கழிவுக்குப் போயிற்று. அதில் ஒன்றை எனக்கு எடுத்துவந்தார். நான் கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று முதல் மாவுக்கட்டு. ஏப்ரலில் கொதிக்கிற தண்ணீர் கொட்டி வலது கை வெந்துபோயிற்று. முழங்கையின் உள்பக்கத்தில் தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். வலிக்குப் பயந்து மூன்று மாதம் கையை மடக்கி நெஞ்சோடு வைத்தே இருந்தேன். ஒட்டிய தோல் அப்படியே இறுகிவிட்டது. விரல்களெல்லாம் நன்றாக அசைகின்றன. முழங்கை மட்டும் நீளாது. அதற்காகத்தான் மதுரைக்கு வந்து, இந்த மறுவாழ்வு மையத்தில் பத்துக் கட்டில் உள்ள வார்டில் படுத்திருக்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் பெயர் தெபோராள். முப்பது வயது இருக்கும். நடுவில் ஆணியடித்துச் சேர்த்த இரண்டு ஸ்கேல் மாதிரி ஒன்றை என் கையில் வைத்து அளந்தாள். நேராவதற்கு எழுபத்தெட்டு டிகிரி குறைகிறதாம்.

"ஒரே நாள்ல இழுத்தா தோல் கிழிஞ்சிரும்க்கா. இன்னிக்கு எம்புட்டு நீளுதோ அந்த இடத்துல கட்டுப் போட்டு ஒரு வாரம் விட்டுருவோம். தோல் அதுக்குப் பழகிக்கும். அடுத்த திங்கக்கிழம வெட்டிட்டு, இன்னும் கொஞ்சம் நீட்டி வேற கட்டு."

"எத்தன வாரம்?"

"அத உங்க தோலத்தான் கேக்கணும்."

பதில் பிடித்திருந்தது. பால்துரை அண்ணன் என்பவர்தான் கட்டுப் போடுகிறவர். பஞ்சைச் சுற்றி, மாவுத்துணியைத் தண்ணீரில் முக்கி, உள்ளங்கையாலேயே அழுத்தி அழுத்தித் தடவினார். விரல் நுனி பட்டால் பள்ளம் விழுந்து உள்ளே புண்ணாகுமாம். எல்லாம் சரி, மாவு இறுகும்போது சுடும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உள்ளே சூடு ஏறியதும் நான் போட்ட கூச்சலில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லாம விட்டது என் தப்புக்கா. அஞ்சு நிமிஷம் வெதுவெதுன்னு இருக்கும், அம்புட்டுதான்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள் தெபோராள். ஐந்து நிமிஷமும் பிடித்திருந்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

உள்ளே அரிக்கிறது. பக்கத்துக் கட்டில் சௌந்தரம் அக்கா சொருகிச் சொறியப் பின்னல் ஊசி கொடுத்தார். அதுவும் கூடாதாம். நனையக் கூடாது, சொறியக் கூடாது, விரல் நீலமானாலோ எங்காவது எரிந்தாலோ உடனே சொல்ல வேண்டும். தெபோராள் ஒப்பித்த பாடத்தை நான் அக்காவுக்கு ஒப்பித்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவர் வந்தார். கட்டைப் பையில் சேவு, கொய்யா, என் நீல நைட்டி.

என் வீட்டுக்காரர் சீனிராஜுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. முதல் வருஷம் அவருடைய கைப்பேச்சைக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருஷம் அதில் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். பிறகு எங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லை.

அவர் என் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சொன்னார். கை சொல்வதைத் தமிழில் எழுதினால் சப்பென்றுதான் இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். 'பின்னால் பார்க்காமல் திரும்பினேன். என்னால்தான்.' ஏப்ரலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறார். நான் மாவுக்கட்டைக் காட்டிக் கை முடியாது என்றேன். அவர் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டுக் கொய்யாவை வெட்டிக் கொடுத்தார். வார்டே எங்களை வேடிக்கை பார்த்தது.

அவர் போனதும் சௌந்தரம் அக்கா தன் முட்டிக்கட்டோடு நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தார். அருப்புக்கோட்டைக்காரர். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு தூங்கத் தெரியாதவர்.

"தப்பா நெனைக்காதத்தா. இவருதான் ஊத்துனாரா?"

"இல்லக்கா. கால் இடறிருச்சு."

"போலீசுக்கும் அப்பிடித்தான் எழுதிக் குடுத்தியாக்கும்?"

"நடந்தது அதுதான்."

"சரி சரி. நானும் எம்புட்டோ பாத்துட்டேன். வெந்துட்டு வர்ற பொம்பளைக அத்தன பேரும் கால் இடறித்தான் விழுகாக."

எனக்குக் கோபம் வந்தது. இனி என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் அலைய வேண்டாம். காலண்டர் அச்சடிக்கும் சீசன் நேரம் வேறு.

ஆகஸ்ட் 12, திங்கள்

கட்டை வெட்டும் ரம்பம் போடுகிற சத்தத்தைக் கேட்டால் கையோடு போய்விடும் என்று தோன்றும். பால்துரை அண்ணன் அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதிர்கிறது, அறுக்கவில்லை. உள்ளே என் கை வெளுத்துச் சுருங்கி, பிறந்த குழந்தையின் கைபோல் இருந்தது. தெபோராள் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தடவி நீவினாள். இந்தக் கையை யாராவது தொட்டு நான்கு மாதம் ஆயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. ஊசி போட, புண் துடைக்கத் தொட்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அறுபத்தாறு. ஒரு வாரத்தில் பன்னிரண்டு டிகிரி. மறுபடியும் கட்டு.

ஆகஸ்ட் 15, வியாழன்

முற்றத்தில் கொடி ஏற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். அவரிடமிருந்து வீடியோ கால் வந்தது. எடுக்கவில்லை. சார்ஜ் குறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அவர் வரவில்லை. காலண்டர் சீசன். இந்த மாதத்தில் சிவகாசியில் மெஷின்காரனுக்குத் தன் தலையைச் சொறிய நேரம் இருக்காது. சௌந்தரம் அக்காவிடமும் அதையே சொன்னேன். "ஞாயித்துக்கிழமையுமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமையும்தான் என்றேன்.

மதியம் எல்லாக் கட்டிலுக்கும் ஆள் வந்திருந்தது. ஒரு வீட்டுக்காரர்கள் பிரியாணியே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என்னைத் தூங்குகிறவள் என்று நினைத்து மெதுவாகப் பேசினார்கள். நல்லவர்கள்தான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஐம்பத்தேழு.

ஆகஸ்ட் 22, வியாழன்

பொய்யே எழுதுவதற்கு டைரி எதற்கு? அவர் வராததற்குக் காலண்டர் காரணமில்லை. நான்தான் பதினோராம் தேதி சாயங்காலம் அவருக்குச் செய்தி அனுப்பினேன்: 'இப்போது வர வேண்டாம். கை நேரான பிறகு வா. பேசலாம்.' அவர் எழுத்து அவர் கைப்பேச்சின் வரிசையில்தான் வரும். 'சரி. கை நேர் பிறகு நான் வரும். கோபம் நீ?' என்று கேட்டிருந்தார்.

கோபம் இல்லை என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அன்றிலிருந்து தினமும் காலை எட்டுக்கு 'சாப்பாடு முடிந்தது நான். நீ?' என்று வருகிறது. 'முடிந்தது' என்று அனுப்புகிறேன். ஒரு நாளில் எங்களுக்குள் நடக்கும் பேச்சு அவ்வளவுதான்.

சௌந்தரம் அக்கா கண்ணில் அவர் விழ வேண்டாம் என்றுதான் அப்படி எழுதினேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். பாதி உண்மை.

ஆகஸ்ட் 26, திங்கள்

நாற்பத்தாறு. கை நீள நீள டைரி என்னைவிட்டுத் தள்ளிப் போகிறது. முன்பு தலையணையை மடியில் வைத்து எழுதினேன். இப்போது சாப்பாட்டு மேஜையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து, அதன் அந்தக் கோடியில் வைத்து எழுத வேண்டியிருக்கிறது. எழுத்தும் கோணல்.

"இப்பிடியே போனா செப்டம்பர்ல நேராயிரும்க்கா, பாருங்க" என்றாள் தெபோராள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சிரித்தேன். அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

முழங்கை முனையில் உள்ளே எரிகிறது. கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 31, சனி

எரிகிறது. நர்ஸ் விரலைப் பார்த்துவிட்டு "வலி இருக்கா?" என்றார். இல்லை என்றேன்.

செப்டம்பர் 2, திங்கள்

முழங்கை முனையில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. தெபோராள் சிரிக்கவில்லை.

"எப்பத்துல இருந்து எரியுது?"

"வியாழக்கெழம."

"நாலு நாளா! சொல்லணும்னு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? வியாழக்கிழமையே சொல்லியிருந்தா வெட்டிட்டு அன்னிக்கே வேற கட்டுப் போட்டிருப்போம். ஏன்க்கா சொல்லல?"

"தெரியல."

"வலிக்குதுன்னு சொல்றதுல என்னக்கா கௌரவம் கொறையுது?"

முப்பத்தெட்டு வரை வந்திருந்தது. புண் ஆற இரண்டு வாரம் கட்டுக் கிடையாது. அதற்குள் கை மறுபடியும் மடங்கும், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நான் அழுவதாக நினைத்து முதுகைத் தட்டினாள்.

அழவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம்கெட்ட நிம்மதி.

செப்டம்பர் 8, ஞாயிறு

சௌந்தரம் அக்காவை இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது மிச்சமிருந்த முறுக்கை என் மேஜையில் வைத்துவிட்டு, "ஒத்தையில கெடக்காதத்தா. அந்த மனுசன் நல்லவரோ கெட்டவரோ, வரச் சொல்லு" என்றார். அந்தக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு மாதமாக அக்கா வாயை மூடினால் போதும் என்றிருந்தேன். இப்போது யாரும் பேசவில்லை.

எழுதிவிடுகிறேன். ஏப்ரலில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளிக்க வெந்நீர் போட்டிருந்தேன். அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில்தான் எங்கள் கண்ணாடி மாட்டியிருக்கும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். எனக்கு இரண்டு கையிலும் குண்டான். கை வேலையாக இருக்கும்போது அவரைக் கூப்பிட எங்கள் வீட்டில் ஒரே வழிதான்: காலால் தரையை ஓங்கி இரண்டு தட்டு. அதிர்வு பாதத்தில் தெரிந்ததும் திரும்பிப் பார்ப்பார், விலகுவார். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தடவை செய்வது.

அன்று நான் தட்டவில்லை. "தள்ளுங்க, சுடுதண்ணி!" என்று வாயால் கத்தினேன். கத்திவிட்டு, அவர் விலகிவிடுவார் என்று நம்பி நேரே நடந்தேன். அவருக்கு என்ன தெரியும்? முகம் துடைக்கத் துண்டு எடுக்கத் திரும்பினார். அவர் முழங்கை குண்டானில் இடித்தது. கால் இடறியது என்று எல்லோருக்கும் சொன்னது பொய்.

ஆக, அவருக்குக் காது கேட்காது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. உலகத்தில் யார் வேண்டுமானாலும் மறக்கலாம், பெண்டாட்டி மறக்கலாமா? அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் அவர் 'என்னால்தான், என்னால்தான்' என்று சொல்லும்போதெல்லாம் கட்டைக் காட்டிக் கை முடியாது என்றேன். கை முடியாது, சரி. தலையை ஆட்டி இல்லை என்று சொல்லியிருக்கலாமே. தலைக்கு யார் கட்டுப் போட்டார்கள்?

ஐந்து மாதமாக அந்த மனிதர் தன்னால்தான் நான் வெந்தேன் என்று நினைத்துக்கொண்டு மெஷின் ஓட்டுகிறார். வீட்டில் ஒருவரும் இல்லை. தானே பொங்கித் தின்றுவிட்டு, 'சாப்பாடு முடிந்தது நான்' என்று அனுப்புகிறார்.

செப்டம்பர் 9, திங்கள்

சாப்பாடு முடிந்தது என்று அனுப்பினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

புண் ஆறிவிட்டது. நாற்பத்தைந்து. ஏழு டிகிரி திரும்ப மடங்கியிருக்கிறது. புதுக் கட்டு. இந்தத் தடவை மாவு சூடேறியபோது ஐந்து நிமிஷத்தையும் நானே எண்ணிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

முப்பத்து நாலு. கட்டுக் காயும் வரை தெபோராள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டாள். உங்க பேச்சுல வலிக்கு என்ன செய்வீங்க என்றாள். இரண்டு ஆள்காட்டி விரலையும் எதிரெதிரே வைத்துத் திருகிக் காட்டினேன். தண்ணிக்கு? காட்டினேன். பிடிக்கும்? பிடிக்காது? எல்லாம் காட்டினேன்.

"கட்டோடவே நல்லா வருதேக்கா" என்றாள்.

ஆமாம். வருகிறது. நெஞ்சுக்கு முன்னால் ஒரு முழம் இடம் இருந்தால் எங்களுக்குப் பேச்சு வரும். கை மடங்கியிருந்த நாளிலும் வந்திருக்கும். அவருக்கும் இது தெரியும். கை முடியாது என்று நான் சொன்னபோது தெரிந்தேதான் தலையாட்டியிருக்கிறார்.

செப்டம்பர் 30, திங்கள்

இருபத்தெட்டு.

அக்டோபர் 7, திங்கள்

இருபத்தேழு.

அக்டோபர் 14, திங்கள்

மறுபடியும் இருபத்தேழு. தெபோராள் மூன்று தடவை அளந்தாள். ஸ்கேலை மேஜையில் வைத்தாள்.

"இம்புட்டுதான்க்கா. ரெண்டு கட்டுல அசையலன்னா நிறுத்திரணும். இதுக்கு மேல கட்டுப் போட்டா புண்ணுதான் மிச்சம்."

"நேராகாதா?"

"முழுசா ஆகாது. ஆனா தல சீவலாம், பாத்திரம் எடுக்கலாம், பிரஸ்ல பழையபடி உங்க பைண்டிங் வேல பாக்கலாம். கடைசிக் கட்ட ரெண்டாப் பொளந்து தாரேன். ராத்திரி அதுக்குள்ள கைய வச்சுத் துணியச் சுத்திக்கிட்டுத் தூங்கணும். விட்டீங்கன்னா பழையபடி மடங்கிரும். வீட்டுல யாராச்சும் சுத்திவிடுவாங்கள்ல?"

அதற்கு இன்னொரு கை வேண்டும். என் ஒரு கையால் சுற்ற முடியாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்கு எழுதினேன்: 'கை நேராகவில்லை. ஆகாது. வா.' ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. 'புதன் காலை நான்.'

அக்டோபர் 16, புதன்

வீட்டில் இருந்து எழுதுகிறேன். கை வலிக்கிறது, ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வந்தார். இளைத்திருந்தார். சவரம் செய்யவில்லை. தெபோராளிடம் துணி சுற்றுவதை இரண்டு தடவை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டார். மருந்துச் சீட்டு, பொளந்த கட்டு எல்லாவற்றையும் அவரே அடுக்கினார். 

மையத்துக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ்ஸில் ஏறிவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சரியாகப் பேச முடியாது. வீட்டுக்குப் போய்விட்டால் அந்த நடையைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே என்னால் இதைச் சொல்ல முடியாது. அவர் தோளைத் தொட்டேன். திரும்பினார்.

'நீ காரணம் இல்லை,' என்றேன். 'நான் தரையைத் தட்டவில்லை. வாயால் கத்தினேன்.'

அவர் புரியாமல் பார்த்தார். மறுபடியும் சொன்னேன்.

'வாயாலா?'

'வாயால். உனக்குக் கேட்காது என்பதை மறந்துவிட்டேன்.'

'அப்போதே தெரியுமா உனக்கு?'

'அப்போதே தெரியும்.'

'ஆறு மாதம்,' என்றார். ஒவ்வொரு விரலாக நீட்டி எண்ணிக் காட்டினார். 'ஆறு மாதம், ஒவ்வொரு நாளும், கண்ணாடி பார்க்கும்போதெல்லாம்.' எழுந்து ரோட்டைக் கடந்து எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகைக் காட்டிவிட்டால் எங்களுக்குள் பேச்சு முடிந்தது. கூப்பிட முடியாது, மன்னிப்புக் கேட்க முடியாது. தட்டலாம் என்றால் நடுவில் தார் ரோடு. ஒரு சிவகாசி பஸ் வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று. இந்தப் பத்து வாரத்தில் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. எழுந்து ரோட்டைக் கடக்கத் தைரியமும் வரவில்லை.

கடைசியில் இரண்டு டீயோடு வந்தார். ஒன்றை என் வலது கைக்கு நீட்டினார். இடது கைக்கு அல்ல. நீட்டி வாங்கினேன், எட்டியது. தன் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கேட்டார்.

'எவ்வளவு நேரம் மறந்திருந்தாய்?'

நானும் டம்ளரைக் கீழே வைத்தேன். அன்று காலையில் என்று சொல்ல வந்தேன். யோசித்தால் அது பொய். வீட்டில் அவரைப் பார்க்கும்போது எனக்குக் காது நினைவே வருவதில்லை. சட்டைக்குப் பட்டன் போய்விட்டதா, சோறு போதுமா, ஏன் முறைக்கிறார், இதுதான் வரும்.

'தெரியவில்லை,' என்றேன். 'ரொம்ப வருஷமாகவே இருக்கும்.'

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் வேறு ஏதாவது சொல்வேன் என்பதுபோல. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: 'எனக்குக் காது கேட்காது என்பதை அம்மா சாகும்வரை மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில், பிரஸ்ஸில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஒருவரும் ஒரு நிமிஷம் மறந்ததில்லை. யாராவது ஒருத்தர் மறந்துபோக மாட்டார்களா என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.'

நான் அழுதேன். அடுத்த பஸ் வளைவில் திரும்பியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார். பிறகு அதைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் என்னைத் திட்டினார்:

'மறந்ததுதான் மறந்தாய், கையில் ஒன்றும் இல்லாதபோது மறந்திருக்கக் கூடாதா?'